ஸ்கி என்ற நார்வேச் சொல்லின் பூர்வீகம்: யாருக்காவது தெரியுமா?

பனிப்பாதை:
நார்வே மொழியிலிருந்து உலகம் முழுக்கப் போன சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஃபியோர்ட், ஸ்லாலம், கிரில், அப்புறம் பனியில் வழுக்கிப் போகக் காலில் கட்டும் பலகையான ஸ்கி. இந்த ஸ்கிக்கு அகராதியில் 'பிளந்த மரத்துண்டு' என்று பொருள் போட்டு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் அது என்னவாக இருந்தது? நம் ஊர் 'சேதம்' என்ற சொல்லும் இதுவும் ஒரே வேர் என்று ஒரு வாட்ஸப் குழுவில் அடித்துச் சொன்னார்கள். உண்மையா, வழக்கமான சரக்கா?

சொல்லேர்:
பாதி உண்மை. அந்தப் பாதியைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியான பகுதி. இன்றைய நார்வே, ஐஸ்லாந்து மொழிகளின் தாயான பழைய நார்ஸ் மொழியில் இந்தச் சொல் 'ஸ்கீத்' (கடைசி ஒலி ஆங்கில 'தட்', 'திஸ்' சொற்களின் முதல் ஒலி). பொருள், கோடாரியாலோ ஆப்பாலோ பிளந்தெடுத்த மரத்துண்டு. பனியில் வழுக்கிப் போகும் பலகை என்பது அதிலிருந்து வந்த கிளைப்பொருள். பிற்காலத்தில் கடைசி மெய் தேய்ந்து 'ஸ்கி' ஆனது.

இதே சொல் ஜெர்மானியக் குடும்பத்தின் மற்ற வீடுகளிலும் இருக்கிறது. ஜெர்மனில் 'ஷைட்' என்றால் விறகுக் கட்டை. அதைப் பன்மையாக்கி அடுக்கினால் 'ஷைட்டர்ஹவுஃபன்', அதாவது சிதை. கப்பல் பாறையில் மோதிக் கட்டை கட்டையாகச் சிதறுவதிலிருந்து 'ஷைட்டர்ன்' என்ற வினை வந்தது. இன்று ஜெர்மன்காரர் எந்தக் காரியத்தில் தோற்றாலும் அந்த வினைதான். பழைய ஆங்கிலத்திலும் 'ஷீத்' என்று இருந்தது, பிறகு 'ஷைட்' ஆகி, விறகு பிளப்பவர்களின் வட்டாரப் பேச்சில் ஒதுங்கிவிட்டது. ஆக ஆங்கிலம் தன் வீட்டுப் பரணில் கிடந்த சொல்லை மறந்துவிட்டு, அதே சொல்லைப் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது.

சேதத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்குள் ஓஸ்லோ தம்பி வந்து உச்சரிப்பைச் சொல்லட்டும்.

ஓஸ்லோ_தம்பி:
வந்திட்டன் அண்ணை. 🙂

முதல் விஷயம், இங்கே யாரும் 'ஸ்கி' என்று சொல்வதில்லை. 'ஷீ' என்றுதான் சொல்லுவினம். நார்வே மொழியில் எஸ்-கே சேர்ந்து வந்து அடுத்து இகரம் வந்தால் அது 'ஷ'. கப்பலுக்கு எஸ்-கே-ஐ-பி என்று எழுதி 'ஷிப்' என்று வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு 'ஸ்கூலெ' என்பதில் அந்த மாற்றம் இல்லை, ஏனென்றால் அங்கே அடுத்து வருவது வேறு உயிர்.

இரண்டாவது, பழைய பொருள் இங்கே செத்துப்போகவில்லை. அடுப்புக்குப் பிளந்து வைத்திருக்கும் ஒற்றை விறகுத் துண்டுக்கு 'வேட்ஷீ' என்று இன்னும் சொல்லுகினம். 'வேட்' என்றால் விறகு.

அதைவிட நல்ல சாட்சி 'ஷீகார்'. கிழக்கு நார்வேயின் பழைய பண்ணைகளில் பார்க்கும் வேலிக்கு அந்தப் பெயர். முதல்முறை கேட்டபோது ஸ்கியை நட்டு வைத்த வேலி என்றுதான் நானும் நினைத்தேன். பனியில் போகும் ஸ்கிக்கும் அந்த வேலிக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு இரண்டாக முளைக்கம்புகளை அடித்து, நடுவில் பிளந்த நீள மரங்களைச் சாய்வாக அடுக்கிக்கொண்டு போவார்கள். ஒன்றின்மேல் ஒன்று படுத்த மாதிரி, ஒரு முனை தரையைப் பார்த்து, மறுமுனை மேலே. ஆணி கிடையாது. தளிரான ஸ்ப்ரூஸ் கிளைகளை நெருப்பில் வாட்டினால் சாறு கொதித்து நார் மாதிரி வளையும். அந்தச் சூட்டோடு முளைக்கம்புகளைச் சுற்றி முறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஆறினால் இறுகிவிடும். லில்லஹாமரில் மைஹௌகன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கு, அங்கே போனால் பார்க்கலாம். இந்தச் சொல் பழைய நார்ஸிலேயே 'ஸ்கீத்கர்த்ர்' என்று உண்டாம். அப்படியென்றால் 'ஷீ' என்பது மரத்தின் பெயர்தானே, விளையாட்டின் பெயர் இல்லையே?

சொல்லேர்:
அதேதான் தம்பி. மரத்துக்கு வைத்த பெயரை விளையாட்டு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போய்விட்டது.

குமரிக்கண்டன்:
எல்லாரும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறீர்கள். 'ஷீ' என்று உச்சரிக்கிறார்கள் என்று ஓஸ்லோ தம்பியே சொல்லிவிட்டார். மரத்தைச் 'சீவு' என்று நாம் சொல்கிறோம். சீவு, சீ, ஷீ. சீவிய பலகை ஷீ. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? வெள்ளைக்காரன் அகராதியில் இருந்தால்தான் நம்புவீர்களா?

சொல்லேர்:
ஐயா, வெள்ளைக்காரன் அகராதியை ஓரமாக வைத்துவிடுவோம். நீங்கள் ஒப்பிட்டது எந்தக் காலத்து ஒலியை என்று மட்டும் பாருங்கள்.

நார்வேயில் இந்தச் சொல் 'ஷ' ஆனது பின்னாளில் நடந்த மாற்றம். ஐஸ்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் 'ஸ்கீதி' என்று ககரம் தெளிவாகக் கேட்கும்படிதான் சொல்கிறார்கள். டேனிஷிலும் ககரம் போகவில்லை. ஆக, ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் போய் நின்றால் அங்கே 'ஷீ' கிடையாது, 'ஸ்கீத்' தான் உண்டு. உங்கள் 'சீ'யோடு ஒட்டுவதற்கு அந்த 'ஸ்க்' எங்கே, கடைசி மெய் எங்கே? இரண்டு சொற்களை ஒப்பிடுவதென்றால் இரண்டின் மிகப் பழைய வடிவங்களையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பேரனும் பேரனும் ஒரே ஜாடை என்பதை வைத்துத் தாத்தாக்களை அண்ணன் தம்பி ஆக்க முடியாது.

இன்னொன்று. கிரேக்கத்தில் 'ஸ்கியா' என்றால் நிழல். ஒலியில் ஸ்கிக்கு உங்கள் சீவைவிட இது எவ்வளவோ நெருக்கம். ஆனால் இதற்கும் ஸ்கிக்கும் உறவில்லை. அதன் உண்மையான உறவு வடமொழி 'சாயா', தமிழில் நாம் 'சாயை' என்று எழுதுவது. கேட்கும்போது ஒட்டவே ஒட்டாத ஸ்கியாவும் சாயாவும் உறவு. ஒட்டுகிற மாதிரி இருக்கும் ஸ்கியாவும் ஸ்கியும் அந்நியர்கள்.

குமரிக்கண்டன்:
சாயாவும் ஸ்கியாவும் உறவு என்று நீங்கள் சொன்னால் அறிவியல், சீவும் ஷீயும் உறவு என்று நான் சொன்னால் வாட்ஸப். நல்ல நியாயம்.

சொல்லேர்:
நல்ல கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். வித்தியாசம் ஒழுங்கில் இருக்கிறது. கிரேக்க, லத்தீன் 'ஸ்க்' இருக்கும் இடத்தில், அடுத்து இகரம் போன்ற ஒலி வந்தால் வடமொழியில் அந்த அழுத்தமான சகரம் வருகிறது. ஒரு சொல்லில் மட்டும் வந்தால் தற்செயல் எனலாம். லத்தீனில் 'ஸ்கிண்டோ', நான் கிழிக்கிறேன். வடமொழியில் 'சினத்தி', அவன் வெட்டுகிறான், வேர் 'சித்'. கிரேக்கத்தில் 'ஸ்கிஸோ', பிளக்கிறேன். மனநல மருத்துவர் சொல்லும் ஸ்கிஸோஃப்ரீனியாவின் முன்பாதி இந்தக் கிரேக்க வினைதான்.

இந்த 'சித்' வேரிலிருந்துதான் 'சேத' என்ற பெயர்ச்சொல். அது தமிழுக்கு வந்து சேதம், சிரச்சேதம் ஆனது. சிரச்சேதம் என்றால் தலையை வெட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளச் சேதம், பயிர்ச்சேதம் என்று நாம் செய்தியில் படிக்கும்போது அந்த வெட்டு மறைந்து 'இழப்பு' மட்டும் நிற்கிறது.

பனிப்பாதை, உங்கள் வாட்ஸப் குழு சொன்னது இங்கே வரைக்கும் சரி. தவறுவது அடுத்த அடியில்.

ஜெர்மானிய மொழிகள் பிரியும்போது பழைய 'd' ஒலி அவற்றில் 't' ஆகிவிட்டது. அதாவது மென்மையான த/ட வன்மையாகிவிட்டது. வடமொழி 'தச', நார்வேயில் 'டீ' (பத்து). 'தந்த', நார்வேயில் 'டன்' (பல்). 'த்வ', நார்வேயில் 'டூ' (இரண்டு). மூன்றிலும் ஒரே மாற்றம். சரி, இப்போது 'சித்' வேரின் கடைசி எழுத்து அந்த மென்மையான 'd'. அது நேராக ஜெர்மானியத்துக்குப் போயிருந்தால் கடைசியில் வன்மையான 't' வந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்கீத்தில் இருப்பது 't' இல்லை. அதனால் ஸ்கீத்தும் சித்தும் நேரடி உறவு ஆக முடியாது.

பிறகு எப்படி? இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியில், இரண்டுக்கும் மேலே 'ஸ்கெய்' என்று ஒரு வேரை, வெட்டு, பிரி என்ற பொருளில் மொழியியலாளர்கள் வைக்கிறார்கள். அதன் வாலில் ஒரு கிளையில் 'd' ஒட்டியது: சித், ஸ்கிண்டோ, ஸ்கிஸோ. இன்னொரு கிளையில் 't' ஒட்டியது, அந்தப் பழைய 't' ஜெர்மானியத்தில் மென்மையாகி ஸ்கீத்தின் கடைசி ஒலி ஆனது: அதிலிருந்து ஸ்கீத், ஷைட், பிரி என்ற பொருளுள்ள ஜெர்மன் 'ஷைடன்'. சேதமும் ஸ்கியும் ஒரு பாட்டியின் இரண்டு மகள் வழி.

பனிப்பாதை:
அப்படியென்றால் அந்த 'd' கிளையிலிருந்து ஜெர்மானியத்துக்கு எதுவுமே போகவில்லையா? கடைசியில் 't' வரும் ஒரு சொல் இருக்க வேண்டுமே.

ஓஸ்லோ_தம்பி:
இருக்கு அண்ணா, ஆனால் சபையில் சொல்ல முடியாத சொல். 😄

சொல்லேர்:
நாகரிகமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு தன்னிடமிருந்து பிரித்து வெளியே தள்ளுவதைக் குறிக்கும் ஆங்கில நாலெழுத்துச் சொல் அதுதான். நார்வேயில் அதன் தம்பி 'ஷிட்', அழுக்கு என்ற பொருளில் சாதாரணமாகப் புழங்குகிறது. வடமொழிச் 'சித்'தின் நேரடி உறவு என்ற பெருமை ஸ்கிக்கு இல்லை, இதற்குத்தான்.

நெறியாளர்:
சொற்பிறப்பு என்பதால் விடுகிறேன். இதற்கு மேல் உதாரணங்கள் வேண்டாம்.

தச்சுப்பட்டறை:
மொழியில் எனக்குப் புத்தி போதாது. மரத்தில் கொஞ்சம் உண்டு. 'பிளந்த' என்று எல்லா இடத்திலும் வருகிறதே, ஏன் 'அறுத்த' என்று இல்லை என்று யாரும் கேட்கவில்லை.

ரம்பம் மரத்தின் ரேகையைப் பார்ப்பதில்லை, தன் கோட்டில் போகும். வழியில் நார்களைக் குறுக்கே வெட்டிவிடும். ஆப்பு வைத்துப் பிளந்தால் மரம் தன் ரேகையோடுதான் பிளக்கும், நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாமல் இருக்கும். மெல்லிய பலகை ஆள் எடையைத் தாங்கி வளைந்து நிமிர வேண்டுமென்றால் இப்படி ரேகையோடு பிளந்த மரம்தான் தாங்கும். அறுத்த பலகையில் ரேகை எங்கே பக்கவாட்டில் ஓடிப்போகிறதோ அங்கே முறியும். தண்ணீரும் அறுபட்ட நாரின் வாய் வழியாகத்தான் சீக்கிரம் உள்ளே போகும்.

வழுக்கும் பலகைக்குப் 'பிளந்தது' என்று பெயர் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பனிப்பாதை:
இது எந்த அகராதியிலும் இல்லாத விளக்கம். நன்றி.

அடுத்த சந்தேகம். நார்வேக்காரர்கள் கற்காலத்திலிருந்தே இதில் போகிறார்கள் என்று படித்தேன். அப்போதும் இந்தப் பெயர்தானா?

சொல்லேர்:
கற்காலத்தில் என்ன பேசினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நார்வேயின் நூர்லன் மாகாணத்தில் த்ரோ என்ற தீவில், பலகைமேல் நிற்கும் ஆளைப் பாறையில் செதுக்கி வைத்திருந்தார்கள், நாலாயிரம் வருடங்களுக்கும் மேல் பழையது. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கின் சின்னங்களுக்கு அந்தக் கோட்டோவியம்தான் மாதிரி. 2016-ல் இளைஞர்கள் சிலர் 'இன்னும் தெளிவாகத் தெரியட்டும்' என்று நல்லெண்ணத்தோடு கீறி அதைக் கெடுத்துவிட்டார்கள். நல்லெண்ணம் செய்த சேதம், இந்த இழைக்குப் பொருத்தமான சொல்தான்.

ஆனால் ஸ்கீத்துக்குப் போட்டியாக இன்னொரு பழைய பெயர் உண்டு: 'ஒண்டுர்'. குளிர்கால மலைகளில் வில்லோடு வேட்டையாடித் திரியும் தெய்வம் ஸ்காதிக்கு, ஸ்னோரி என்ற ஐஸ்லாந்துக்காரர் எழுதிய 'எட்டா' என்ற பழைய நார்ஸ் நூலில் 'ஒண்டுர்தெய்வம்' என்று ஒரு பட்டப்பெயர். நார்வேயின் சில பகுதிகளில் இரண்டு காலுக்கும் இரண்டு மாதிரிப் பலகை போட்டார்கள். ஒரு காலில் நீளமானது, வழுக்க. மறுகாலில் குட்டையானது, அடியில் தோல் ஒட்டியது, உந்த. அந்தக் குட்டைப் பலகைக்கு இந்தப் பழைய பெயர் 'அண்டோர்' என்ற உருவில் தங்கியது. இரண்டு காலுக்கும் ஒரே நீளம் என்று ஆனதும் குட்டையும் போனது, அதன் பெயரும் மறைந்தது.

ஓஸ்லோ_தம்பி:
இங்கே ரைன்ஹைமன் மலைப்பகுதியில் கிடைத்ததையும் சொல்லுங்கோ. மலைமேல் பனித்திட்டு உருகினபோது 2014-ல் ஒற்றை ஸ்கி வெளியே வந்தது, சுமார் 1300 வருடம் பழசு. சோடியைக் காணவில்லை. ஏழு வருடம் கழித்து 2021-ல் அதே பனித்திட்டில் மற்றது கிடைத்தது! 187 செண்டிமீட்டர் நீளம், 17 அகலம். கால் கட்டும் இடத்தில் முறுக்கின பேர்ச் கிளையும் தோல் வாரும் அப்படியே இருந்தது.

சொல்லேர்:
அருமையான காலக்கணக்கு தம்பி. பழைய நார்ஸ் தனி உருவெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தொலைத்த ஆள் ஸ்கீத் என்று சொல்லியே புலம்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

பனிப்பாதை:
அப்படியானால் சொல் எப்போது ஊரை விட்டுக் கிளம்பியது? ஆங்கிலத்தில் எப்போது?

சொல்லேர்:
பொருள் முன்னால் போனது, பெயர் பின்னால் போனது. அதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல சாட்சி உண்டு. நார்வேயின் டெலமார்க்கில் 1827-ல் பிறந்த ஒருவர் சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். 1856 முதல் ஏறக்குறைய இருபது வருடம் சியர்ரா நெவாடா மலையைத் தாண்டிக் குளிர்காலத்தில் தபால் சுமந்தார். காலில் போட்டது ஸ்கி. ஆனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் ஸ்னோஷூ தாம்சன், 'பனிச்செருப்பு' தாம்சன். பொருளைத் தினமும் பார்க்கிறார்கள், பெயர் இன்னும் வந்து சேரவில்லை.

ஜெர்மனிலும் அப்படித்தான். நார்வேயின் துருவப் பயணி நான்சன் 1888-ல் கிரீன்லாந்தை ஸ்கியில் கடந்தார். நார்வே மொழியில் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பில் 'ஸ்கி' இருக்கிறது. 1891-ல் ஜெர்மனில் வந்தபோது தலைப்பில் 'ஷ்னேஷூ', பனிச்செருப்பு! ஆனால் ஐரோப்பா முழுக்க ஸ்கி மோகம் கிளப்பியதும் அதே பயணம்தான். கொஞ்ச காலத்தில் பனிச்செருப்பு ஒதுங்க, ஸ்கி நின்றுகொண்டது.

இன்னொரு வேடிக்கை, எந்த மொழி காதால் வாங்கியது, எந்த மொழி கண்ணால் வாங்கியது என்பது உச்சரிப்பிலேயே தெரிகிறது. ஜெர்மன் 'ஷீ' என்கிறது, 'ஷ' எழுத்துப் போட்டு எழுதவும் செய்கிறது. இத்தாலியும் 'ஷீ'. இவர்கள் கேட்டு வாங்கியவர்கள். பிரெஞ்சு 'ஸ்கி', ஸ்பானிஷ் முன்னால் ஓர் எகரம் போட்டு 'எஸ்கி'. இவர்கள் படித்து வாங்கியவர்கள். ஆங்கிலத்தில் முதலில் 'ஷீ' என்றும் சொன்னார்கள், பிறகு எழுத்து ஜெயித்துவிட்டது. நமக்கு வந்தது ஆங்கிலம் வழி, அதனால் நாமும் கண் கட்சி. ஃபின்லாந்துக்காரரும் ரஷ்யரும் இந்த வம்பிலேயே இல்லை. அவர்களிடம் 'சுக்ஸி', 'லீழி' என்று சொந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன.

தச்சுப்பட்டறை:
ஓஸ்லோவுக்குத் தெற்கே ஸ்கி என்றே ஓர் ஊர் இருக்கிறதாமே? என் மருமகன் அங்கே ரயிலில் போவதாகச் சொன்னார். ஸ்கி பிறந்த ஊரா?

ஓஸ்லோ_தம்பி:
எல்லாரும் விழுகிற குழி அது. 😄 2022-ல் புது ரயில் பாதை திறந்த பிறகு ஓஸ்லோவிலிருந்து பதினொரு பன்னிரண்டு நிமிடம்தான். ஊர்ப் பெயரும் 'ஷீ', எழுத்தும் அதே. ஆனால் அது 'ஸ்கெய்த்' என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது, குதிரைப் பந்தயத் தடம் என்று பொருள். பழைய பண்ணை ஒன்றின் பெயர் ஊருக்கு ஆனது. பனிக்கும் அதுக்கும் தொடர்பில்லை.

சொல்லேர்:
அதே 'ஸ்கெய்த்' உருவத்தில் பழைய நார்ஸில் கரண்டிக்கும் ஒரு சொல் உண்டு, இன்றைய நார்வேயில் 'ஷே'. அது நம் கட்சி. பிளந்த மரச் செதிலில் செய்தது என்பதால் அந்தப் பெயர். ஆங்கில 'ஸ்பூன்' கூட முதலில் மரச் செதில் என்ற பொருளில் இருந்த சொல்தான், வேர் மட்டும் வேறு.

குமரிக்கண்டன்:
சரி, சீவை விட்டுவிட மாட்டேன், ஆனால் ஒன்று கேட்கிறேன். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று தீட்டுகிறானே, அந்தச் சேதாரமும் ஸ்கிக்குச் சொந்தமா?

சொல்லேர்:
சேதம் வரைக்கும் நான் பொறுப்பு. சேதாரத்தில் மிச்சமிருக்கும் 'ஆரம்' எங்கிருந்து வந்தது என்று யாராவது ஒழுங்காகக் காட்டட்டும், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை கடைக்காரரிடமே கேளுங்கள், ஐயா.

ஓஸ்லோ_தம்பி:
அண்ணை, கடைசியாக ஒன்று. இங்கே பிரிக்கிறதுக்கு 'ஷில்லெ' என்று சொல்லுவினம், எழுதும்போது எஸ்-கே-ஐ. பொருளும் பொருந்துது. அதுவும் இந்தக் குடும்பமா?

சொல்லேர்:
இல்லை தம்பி. அது பழைய நார்ஸ் 'ஸ்கில்யா'. அதன் வேரில் லகரம் இருக்கிறது, 'ஸ்கெல்' என்ற தனி வேர். திறமைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஸ்கில்' அந்த வழியில் நார்ஸிலிருந்து போனது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் புத்தி என்ற பொருளில் தொடங்கியது. வெட்டு, பிரி என்று பொருள் வரும் 'ஸ்க்' சொற்கள் அந்தக் குடும்பத்தில் நிறைய உண்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் குமரிக்கண்டன் ஐயா என்னைச் சும்மா விட மாட்டார். ஸ்கெல் வேருக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.